தூக்கத்தில் பல் கடிப்பும் பைட் பிளேட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இரவில் பல் கடிப்பதைப் பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரு பல் மருத்துவரும், பல் தேயாமல் காக்க இரவில் வாயில் மாட்டும் பைட் பிளேட்டை லேபில் செய்யும் டெக்னீஷியன் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: என் வீட்டுக்காரருக்கு வயது 46. ராத்திரியில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். அடுத்த அறையில் படுத்திருக்கும் என் மாமியாருக்கே கேட்கிறது. அவரோ, "நான் எங்கே கடிக்கிறேன்?" என்கிறார். காலையில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்று தினமும் தலைவலிப் பவுடர் போடுகிறார். ஒரே கடைவாய்ப்பல்லில் ஃபில்லிங் இரண்டு தடவை உடைந்துவிட்டது. ஃபார்மசியில் வாங்கிய பல் காப்பையும் இரண்டே மாதத்தில் கடித்துத் துளைத்துவிட்டார். டென்டிஸ்ட், அளவெடுத்துச் செய்யும் பைட் பிளேட் போடச் சொல்கிறார். விலை அதிகமாக இருக்கிறதே, அப்படி என்ன வித்தியாசம்?

அவர் மறைக்கவில்லை அம்மா, அவருக்குத் தெரியவில்லை. பல் கடிப்பு பெரும்பாலும் மேலோட்டமான தூக்கத்தில், மூளை ஓரிரு நொடி விழிப்புக்குப் பக்கத்தில் வந்து திரும்பும்போது நடக்கிறது. அது காலையில் நினைவில் இருக்காது. பகல் வெளிச்சத்தில் அவர் வாயைப் பாருங்கள். கோரைப்பல்லின் கூர் மழுங்கித் தட்டையாகியிருக்கிறதா? நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அச்சு இருக்கிறதா? கன்னத்தின் உட்புறம், பல்வரிசை சேரும் உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா? இரு கன்னத்திலும் விரல் வைத்து, பல்லை இறுக்கச் சொல்லுங்கள். தசை கட்டியாக எழும்பும். காலையில் அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்றால், பொட்டு வலிக்கும் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தலைவலிப் பவுடர் விஷயம் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. கடைகளில் விற்கும் பவுடர்கள் பலவற்றில் வலி மருந்தோடு காஃபீனும் கலந்திருக்கிறது. தினமும் போட்டால் அந்த மருந்தே தலைவலியைத் தொடர வைக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஃபார்மசிக் காப்பு, வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்செடுக்கும் மென்பிளாஸ்டிக். சூட்டோடு கடிக்கும்போதே கடைவாய்ப்பல் அழுந்துகிற இடம் மெலிந்துவிடுகிறது. அதிகச் சுமை விழுவதும் அங்கேதான், அதனால் துளை அங்கேதான் விழும். எதிர்ப்பல் எல்லாம் அதில் சமமாகப் படுகிறதா என்று யாரும் பார்ப்பதுமில்லை. ஓரிரு வாரம் சமாளிக்க அது போதும், வருடக்கணக்கில் போட்டுக்கொள்வதற்கு ஆகாது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிளேட்டும் பல் கடிப்பை நிறுத்தாது. கடிக்கும் விசையை எல்லாப் பல்லுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும், எனாமலுக்குப் பதிலாகத் தான் தேயும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தப் பங்கீட்டைச் சரியாக அமைக்கும் வேலைக்குத்தான் போகிறது. பிளாஸ்டிக்கின் விலை சொற்பம்.

வேலை இப்படி நடக்க வேண்டும். முதலில் எக்ஸ்ரே. சொத்தை, ஈறு வீக்கம், விரிசல் எல்லாம் முன்னாடியே சரியாக வேண்டும், ஏனென்றால் பிளேட் செய்த பிறகு புது ஃபில்லிங்கோ கிரவுனோ (பல்லை மூடும் உறை) போட்டால் பல்லின் வடிவம் மாறி, பிளேட் உட்காராது. இரண்டு தடவை உடைந்த அந்த ஃபில்லிங்குக்கு அடியில் பல்லே பிளந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளந்திருந்தால் மூன்றாவது ஃபில்லிங்கும் நிற்காது, கிரவுன் தேவைப்படலாம்.

அடுத்தது அச்சு. ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து எடுக்கும் அச்சு வாயில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். வெளியே எடுத்ததும் ஈரம் இழந்து சுருங்கத் தொடங்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, அரைமணிக்குள் அதில் பிளாஸ்டர் போல இறுகும் கல்மாவு ஊற்றி மாதிரி எடுத்துவிட வேண்டும். காலையில் எடுத்த அச்சு மாலை வரை மேசையில் கிடந்து லேபுக்குப் போனால், அந்த மாதிரியில் செய்யும் பிளேட் வாயில் ஆடும், அல்லது ஏறவே ஏறாது. சிலிக்கான் அச்சு விலை கூடுதல், ஆனால் நாள் கணக்கில் அளவு மாறாமல் இருக்கும். வாய்க்குள் ஸ்கேனர் விட்டு அளவெடுக்கும் இடங்களும் உண்டு, அதுவும் நன்றாகவே வருகிறது.

பல பிளேட்டுகள் கெட்டுப்போவது மூன்றாவது படியில். பல் மூடியிருக்கும் நிலையில் கடி பதிவு (மேல் கீழ்ப் பல் சேரும் விதத்தின் அச்சு) எடுத்து அனுப்பிவிட்டு, "நீங்களே இடைவெளியைத் திறந்துகொள்ளுங்கள்" என்று லேபிடம் விட்டுவிடுவார்கள். லேபில் மேல் கீழ் மாதிரிகளைப் பூட்டித் தாடை போல அசைக்கும் கீல் கருவி உங்கள் தாடையின் கீலைப் போலவே திறப்பதில்லை. அப்படித் திறந்து செய்த பிளேட்டில் கடைவாய்ப் பக்கம் முதலில் இடிக்கும். தாடைத் தசையைத் தளரவிட்டு, பின்பற்களுக்கு நடுவில் பிளேட் கனத்துக்கு, அதாவது சுமார் 2 மில்லிமீட்டருக்கு, இடைவெளி விட்டுப் பதிவெடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். "திறந்த நிலையில் பதிவு எடுப்பீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

லேபில் மாதிரியின் பள்ளங்களை மெழுகால் அடைத்து, கெட்டியான அக்ரிலிக்கில் வார்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்து, மெருகேற்றித் தருவார்கள். வந்து சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும். டென்டிஸ்ட் அதை மாட்டியதும் முதல் சோதனை, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறி விரலால் அழுத்திப் பார்ப்பது. ஆடினால் அடிப்பாகமே பொருந்தவில்லை என்று பொருள். கடியை எவ்வளவு ராவினாலும் அது சரியாகாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆடாவிட்டால் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்வார். மேல்தாடைப் பிளேட்டில் கீழ்ப்பல் ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டும் பிளேட்டில் சறுக்கி, பின்பற்கள் விலக வேண்டும். படுத்த நிலையில் பார்த்த பிறகு நாற்காலியை நிமிர்த்தி இன்னொரு முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் உட்கார்ந்தால் தாடை சற்று இடம் மாறும். இந்த வேலைக்கு அரைமணி பிடிக்கும். மாட்டிவிட்டு ஐந்தே நிமிடத்தில் அனுப்பினால், நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஃபீனிக்ஸ் வாசகர்: போன வாரம் பிளேட் வாங்கினேன். போடும்போது இறுக்கம். காலையில் கழற்றினால் பல் சேரவில்லை. கீழே வலப்பக்கம் ஒரு பல் மட்டும் வலிக்கிறது. போன் செய்து கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பழகுவதும் உண்டு, பழகாததும் உண்டு. போட்ட சில நிமிடம் இறுக்கம் தெரிந்து பிறகு மறந்துபோனால் கவலை வேண்டாம். முதல் சில ராத்திரி எச்சில் கூடுதலாக ஊறும், பேச்சு சற்று உளறும். காலையில் கழற்றியதும் பல் சேராதது போலத் தோன்றி, பல் துலக்கிக் காலை உணவு முடிப்பதற்குள் பழையபடி சேர்ந்தால் அதுவும் இயல்பே. இரவெல்லாம் தசை வேறொரு நிலையில் இருந்ததால் வருவது அது. மதியம் வரை நீடித்தால் இயல்பல்ல.

ஒரே பல் வலிப்பது பழகாது. அங்கே பிளேட் உயர்ந்திருக்கிறது, ராத்திரி விசையெல்லாம் அந்தப் பல்லில் இறங்குகிறது. போட்ட கொஞ்ச நேரத்திலேயே வலித்தால், கடிக்காதபோதும் வலித்தால், உங்களுடையது கீழ்த்தாடைப் பிளேட்டாக இருந்தால் அதன் உட்புறம் அந்தப் பல்லை நெருக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் டென்டிஸ்ட் பத்து நிமிடத்தில் ராவிச் சரிசெய்யலாம். அதுவரை பிளேட்டைப் போடாதீர்கள். வீட்டில் அரம், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் பிளேட் முழுதும் வீணாகிவிடும். இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் திரும்பப் பார்ப்பது சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி. முதல் மாதத்தில் தசை தளரத் தளரத் தாடை நிற்கும் இடம் மாறும். அன்று சமமாக இருந்த புள்ளிகள் இன்று சமமாக இருக்காது, அதனால் மறுபடி ராவித்தான் ஆக வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: மென்மையான பிளேட் விலை குறைவு, போடவும் சுகம் என்கிறார்கள். கெட்டியானதுதான் வேண்டுமா?

இறுக்கிக் கடிக்கிறவர்களுக்கும் அரைக்கிறவர்களுக்கும் கெட்டியானதே எங்கள் தேர்வு. மென்மையானதை ராவ முடியாது, கருவி பட்டால் நார்நாராகப் பிய்யும். அதனால் கடியைச் சமப்படுத்த வழியில்லை. சிலர் அதைச் சவைக்கத் தொடங்கி, தசை முன்னைவிட அதிகமாக வேலை செய்வதும் உண்டு. ஆயுள் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு. கெட்டி அக்ரிலிக் நன்றாகப் பராமரித்தால் மூன்று முதல் ஐந்தாண்டு வரும், கடுமையாகக் கடிப்பவர்களிடம் குறையும். உள்ளே மென்மையும் வெளியே கெட்டியுமான இரட்டை அடுக்குப் பிளேட்டும் இருக்கிறது. பல் கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு அது நல்ல நடுவழி. முன்பற்களை மட்டும் மூடும் சின்னப் பிளேட்டை யாராவது பரிந்துரைத்தால், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மூடாமல் விட்ட பின்பற்கள் மாதக்கணக்கில் மெல்ல எழும்பி, முன்பற்கள் சேராமல் போய்விடலாம். சின்னதாக இருப்பதால் தூக்கத்தில் தொண்டைக்குள் போகும் அபாயமும் உண்டு.

வெருலம் வாசகி: என் மகளுக்கு 7 வயது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் அவள் ஆயா. குழந்தைக்கும் பிளேட் உண்டா?

வேண்டாம். இந்த வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது, தாடையும் வளர்கிறது. இன்று செய்த பிளேட் சில மாதத்தில் பொருந்தாது, வளர்ச்சியையும் தடுக்கலாம். பல குழந்தைகளுக்கு நிரந்தரப் பல் வந்து முடிவதற்குள் இது தானாகவே குறைந்துவிடும். பூச்சிக்கும் பல் கடிப்புக்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், பல்லுக்காகக் கொடுக்க வேண்டாம். அவள் வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா, படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் டான்சில், மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு ஆகியவற்றை டாக்டரிடம் காட்டுங்கள். பல் கூசுகிறது, சாப்பிட வலிக்கிறது என்றால் டென்டிஸ்டிடம் காட்டுங்கள்.

டோங்காட் வாசகர்: குறட்டையும் பல் கடிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது. பிளேட் போட்டால் இரண்டும் தீருமா?

பிளேட்டுக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை, தம்பி. தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வரும் நோய் உங்களுக்கு இருக்கலாம். மூச்சு முட்டும்போது மூளை விழிக்கிறது, அந்த விழிப்போடு சேர்ந்து தாடையும் இறுகக்கூடும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குச் சாதாரண மேல்தாடைப் பிளேட் மூச்சடைப்பைக் கூட்டுவதாகவும் பார்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் குடும்ப டாக்டரிடம் போய்க் குறட்டை, பகல் தூக்கம், ரத்த அழுத்தம் மூன்றையும் சொல்லுங்கள். மூச்சு நின்று போய்த் திடுக்கிட்டு விழிப்பதைப் பார்த்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோய் உறுதியானால் காற்றழுத்த முகமூடியோ, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வேறு வகைக் கருவியோ தருவார்கள். அது தெரிகிற வரை, கண் சொருகும் நாளில் N2 நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.

மெரிபேங்க் வாசகி: அம்மாவுக்கு 63 வயது, சின்ன வயதிலிருந்தே வெற்றிலை பாக்குப் பழக்கம். பல்லைக் கடிக்கிறார். அளவெடுக்கப் போனால் அச்சுத் தட்டே வாய்க்குள் போகவில்லை. இப்போது காரம் பட்டாலும் எரிகிறது என்கிறார். என்ன செய்யலாம்?

இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினோம். பிளேட்டை ஓரமாக வையுங்கள். அம்மாவை அவருடைய சொந்த விரல் மூன்றை நேராக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக வாய் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்கும், மூன்று விரலும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால், கன்னத்தின் உட்புறத்தை ஒரு டார்ச்சில் பாருங்கள். வெளிறிப்போய், தடவினால் நார்க்கயிறு போலப் பட்டைகள் தட்டுப்படலாம். காரத்துக்கு எரிவதும் வாய் குறுகுவதும் பாக்கினால் வரும் நார்த்திசு நோயின் அடையாளம். டர்பன் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, இந்த நோயை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் இதைக் கொண்டுவரும். பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் இருக்கிறது.

அதனால் இந்த வாரமே டென்டிஸ்டிடம் காட்டி, வாய், தாடை அறுவை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பாக்கை நிறுத்தினால் நோய் முற்றும் வேகம் குறையலாம். இறுகிய நார் தானாக இளகாது, ஆகவே தாமதிக்கத் தாமதிக்க இழப்பு அதிகம். வயதானவரிடம் "விடு" என்று சொல்வது எளிது, அவருக்கு விடுவது கஷ்டம். பூஜைத் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். பெருஞ்சீரகம், ஏலக்காய் என்று மெல்ல வேறு ஏதாவது கையில் கொடுங்கள். சிகிச்சையால் வாய் ஓரளவு திறக்க ஆரம்பித்த பிறகு பிளேட்டை யோசிக்கலாம்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: மன அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கிய பிறகுதான் பல் கடிப்பு வந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகளில் சிலருக்கு இந்தப் பக்கவிளைவு வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ, சாப்பிடும் நேரத்தையோ, மருந்தையோ மாற்றலாம். அதுவரை பல்லைப் பிளேட் காக்கும்.

இசிப்பிங்கோ வாசகர்: பிளேட்டைத் தவிர வீட்டில் என்ன செய்யலாம்? மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) பணம் கொடுக்குமா?

மாலைத் தேநீரையும் காபியையும் முன்னேரத்தோடு நிறுத்துங்கள். பிறகு ஒரு கோப்பை வேண்டும் என்றால் ரூய்போஸ் மூலிகைத் தேநீர் குடியுங்கள், அதில் காஃபீன் இல்லை. படுக்கும் முன் மதுவும் சிகரெட்டும் கடிப்பைக் கூட்டும். தாடை வலிக்கும் வாரங்களில் பில்டாங் (உலர்த்திய இறைச்சி), சூயிங்கம் இரண்டும் வேண்டாம், மாலை முழுக்க பில்டாங்கை இழுத்து மென்ற தசை இரவில் மறுபடி உழைக்கத் தயாராக இருக்காது. பகலில் கணினி முன்னாலோ டிராஃபிக்கிலோ இருக்கும்போது பல் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். உதடு சேரலாம், பல் சேரக் கூடாது. நாக்கின் நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் வைத்தால் தாடை தானாகத் தொங்கும். போனில் மணிக்கொருமுறை நினைவூட்டல் வைத்துக்கொண்டால் சில வாரத்தில் பழகிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, டென்டிஸ்டின் கட்டணமும் லேபின் கட்டணமும் தனித்தனி வரியாக வரும். வேலை தொடங்குமுன் இரண்டையும் சிகிச்சைக் குறியீட்டு எண்ணோடு எழுதி வாங்கி, உங்கள் திட்டத்துக்குப் போன் செய்யுங்கள். சில திட்டங்கள் முன் அனுமதி கேட்கும், சிலவற்றில் திட்டத்திலேயே உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கழியும், சிலவற்றில் இல்லவே இல்லை. அச்சுக் கிட் தபாலில் வந்து, நீங்களே அச்செடுத்து அனுப்பும் மலிவு ஏற்பாடுகளில் கடியைச் சமப்படுத்த யாருமே இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, முறையாக ஒன்று செய்துகொள்ளுங்கள்.

கிளேர்வுட் வாசகி: பிளேட்டில் நாற்றமும் வெள்ளைப் படிவும். தினமும் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்து வெந்நீரில்தான் கழுவுகிறேன். போன வாரம் ஓரத்தில் கீறலும் விழுந்திருக்கிறது.

இரண்டுமே பிளேட்டைக் கெடுக்கின்றன. டூத்பேஸ்டில் இருக்கும் உரசும் பொடி அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத கோடு போடும், கிருமி அதில்தான் தங்கும், நாற்றம் அங்கிருந்துதான் வரும். வெந்நீர் வடிவத்தையே மாற்றும். காலையில் கழற்றியதும், எச்சில் காயுமுன், குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தனியாக வைத்த மென்மையான பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேயுங்கள். சிங்க்கில் ஒரு துணி விரித்துக்கொண்டால் கைநழுவினாலும் உடையாது. வெள்ளைப் படிவு எச்சிலின் சுண்ணம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரைமணி ஊற வைத்துத் தேய்த்தால் இளகும், பிடிவாதமாக நின்றால் டென்டிஸ்ட் எடுத்துத் தருவார். பொய்ப்பல் சுத்தம் செய்யும் மாத்திரை கரைத்த தண்ணீரில் வாரம் ஒருமுறை ஊற வைத்தால் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் ஊற வைக்காதீர்கள், அக்ரிலிக்கில் விரிசல் விழலாம்.

துடைத்து, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். டிசம்பர் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டால் ஒரு மதியத்திலேயே வளைந்துவிடலாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு அவை பிளேட்டைத் தேடிப்போய்க் கடிக்கும். வாரக்கணக்கில் போடாமல் விட்டால் பல் சற்று நகர்ந்து, திரும்பப் போடும்போது இறுகும். அப்போது பலவந்தமாக அழுத்தாதீர்கள்.

ஓரத்துக் கீறலை நகம் வைத்துத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது விரிசல், ராத்திரியில் துண்டு கழன்று வாயில் விழலாம். இன்றிரவிலிருந்து போட வேண்டாம். சூப்பர் குளூ போட்டு ஒட்டவும் வேண்டாம், ஒட்டிய இடம் மேடாகிக் கடி மாறிவிடும். உடைந்த துண்டு இருந்தால் அதையும், கல்மாதிரி உங்களிடம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டென்டிஸ்டிடம் போங்கள். கெட்டி அக்ரிலிக்கை லேபில் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரிசெய்துவிடலாம்.